கை சும்மா இருக்காத தொட்டிக்காரர்

கண்டியிலிருந்து மஹியங்கனைப் பாதையில், தெல்தெனிய தாண்டி மேலே ஏறும் பஸ்ஸில், மடியில் தண்ணீர்ப் பொலித்தீன் பையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், அநேகமாக அவர் ஹுன்னஸ்கிரியவில் இறங்குவார். பையில் மீன் இருக்காது. ஒரு பச்சைச் செடி மட்டும் இருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலே விளக்கம் வரும்: "சின்னதா ஒரு மீன் தொட்டி தம்பி. செலவே இல்ல. வச்சா வச்சபடி கெடக்கும்."

செலவே இல்லை என்பதற்குக் கணக்கும் வைத்திருப்பார். கண்ணாடி, பழைய அலமாரியில் கழற்றியது. மணல், வீடு கட்டியபோது மிஞ்சியது. பம்ப் இல்லை, ஹீட்டர் இல்லை, காபனீரொட்சைட்டு சிலிண்டர் இல்லை. டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999இல் எழுதிய புத்தகத்தின் சாரம் அவர் காதுக்கும் வந்திருக்கிறது: அடியில் ஓர் அங்குலம் சாதாரண மண், அதன்மேல் மணல், நிறையச் செடி, கொஞ்சம் மீன். மீனின் கழிவு செடிக்கு உரம். பஸ் காசை மட்டும் கணக்கில் சேர்க்கமாட்டார். கண்டிக்கு எப்படியும் போக வேண்டியிருந்ததாம்.

மண் என்றதும் கால் தேயிலை மலைக்குத்தான் போகும். இனாமாகக் கிடைப்பதை விடுவாரா? யூரியா தூவிய மண் தண்ணீருக்குள் போனால் அமோனியா கிளம்பும் என்பதை, முதலில் விட்ட மீன்கள் மல்லாந்த பிறகு கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொள்வார். அமோனியாவைத் தின்று நைத்திரேற்றாக்கும் பக்டீரியாக்கள் பெருகச் சில வாரம் ஆகும், அதுவரை மீன் வேண்டாம் என்றும் கடைக்காரர் சொல்வார். சில வாரமா! நம்மவருக்குச் சில நிமிடமே பெரிய பாடு.

ஆனால் செடியின் சரித்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தால் ஆள் பேராசிரியர். அவர் பையில் இருப்பது கிரிப்டோகொரைன். இலங்கை ஓடைகளுக்கே உரிய பல வகைகள் அதில் உண்டு. வெளிச்சம் குறைந்தாலும் பிழைக்கும், மெதுவாக வளரும், வெட்டும் வேலை குறைவு. ஒரு வகையைப் பேராதனைப் பூங்காவின் தலைவர் ஹென்றி டிரைமன் 1885இல் விவரித்தார். அதற்கு வாய்த்த பெயர், இங்கே தோட்டத் துரையாக இருந்த பெக்கெட்டினுடையது. இன்னொன்றுக்கு 1958இல் ஜெர்மன்காரர் வென்ட்டின் பெயர். "தோட்டத்துக்குத்தான் தொரை பேருன்னா, ஓடையில மொளச்ச செடிக்குமா?" என்று கொதிப்பார். கொதித்துவிட்டு, அதே செடியைக் காசு கொடுத்து வாங்குவார். நக்கிள்ஸ் காட்டில் பிடுங்கக் கூடாது என்பதில் மட்டும் ஆள் நேர்மை.

இந்தச் செடிக்கு ஒரே ஒரு பிடிவாதம்: இடம் மாற்றினால் பிடிக்காது. வேர் அசைந்தால் இலைகள் கூழாகக் கரைந்துவிடும். சும்மா விட்டால் அடிக்கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். சும்மா விட வேண்டுமே! காலையில் இடப்பக்கம் நடுவார். மாலையில் வலப்பக்கம் அழகாகத் தெரியும். இலை கரைந்தால் வெளிச்சம் போதவில்லை என்று நடுச்சாமம் வரை பல்பை எரியவிடுவார். பாசி பிடிக்கும். பாசியைச் சுரண்டும்போது செடியும் சேர்ந்து வரும்.

"நட்டத புடுங்கிப் புடுங்கி வேரு விட்டிச்சான்னு பாக்குற ஆள இங்கதாங்க பாக்குறேன்," என்பார் மனைவி.

ஒரு முறை பதுளையில் கல்யாணம். ஒரு வாரம் வீட்டில் ஆள் இல்லை. தொட்டியை ஒருவரும் தொடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் தெளிந்து, செடியில் புது இலைகள். எல்லாம் போகும் முன் தான் தூவிவிட்டுப் போன உரத்தின் மகிமை என்றார் அவர். அடுத்த கல்யாணம் எங்கே என்று விசாரித்தார் மனைவி.

அதன் பிறகு ஒரு நல்ல முடிவுக்கு வந்திருக்கிறார். முதல் தொட்டியில் இனிக் கை வைப்பதில்லை. வைக்காமல் இருக்க, கைக்கு வேறு வேலை வேண்டும். இரண்டாவது தொட்டிக்குக் கண்ணாடி தேடிக்கொண்டிருக்கிறார். வீட்டில் இன்னும் ஓர் அலமாரி இருக்கிறது.