பெயரை நம்பிக் கார்டு வாங்காதீர்

வைஃபை கார்டு ஓட டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவர்களில் பலர் இந்தச் சக்கரத்தில் சுற்றி எழுந்தவர்கள்தாம். டெபியனில் பழைய பிராட்காம் சிப்புக்கென்றே ஒரு பேக்கேஜ் உண்டு. அதை நிறுவினால் ஃபர்ம்வேரை இணையத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். எந்த இணையத்திலிருந்து என்று கேட்கக் கூடாது. 2023-இல் வந்த டெபியன் 12 மற்ற பல சிப்புகளின் ஃபர்ம்வேரை இன்ஸ்டாலரிலேயே சேர்த்துக் கொஞ்சம் இரக்கம் காட்டியது.

அந்தமான்காரர் இதில் மற்றவர்களைவிட அதிகம் சுற்றியவர். அந்தத் தீவுகளுக்கு நெடுங்காலம் இணையம் செயற்கைக்கோள் வழியாகத்தான் வந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கும், ஹேவ்லாக், கார் நிக்கோபார் உள்ளிட்ட மற்றத் தீவுகளுக்குமாகச் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு 1,224 கோடி ரூபாய். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே நொடிக்கு 400 கிகாபிட் வேகம். அவ்வளவு பெரிய வங்கக் கடலைத் தாண்டி வந்த டேட்டா, மேஜையில் ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உள்ள மூன்று அடியைத் தாண்ட முடியாமல் நிற்கிறது. கார்டு யாரென்றே லினக்ஸுக்குத் தெரியவில்லை!

சரி, யூஎஸ்பியில் செருகுகிற கார்டு ஒன்று வாங்கலாம் என்று போர்ட் பிளேயரின் அபர்தீன் பஜாருக்குப் போகிறார் ஒரு லினக்ஸ்காரர்.

"அண்ணே, இது லினக்ஸ்ல ஓடுமா?"

"எல்லாத்துலயும் ஓடும் தம்பி. செருகினா போதும்."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த 'எல்லாம்' விண்டோஸ் 10, விண்டோஸ் 11. பெட்டியைப் பிரித்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி சிடி. அதில் விண்டோஸ் டிரைவர். லேப்டாப்பிலோ சிடி போட வழியே இல்லை. டீ டம்ளருக்கு அடியில் வைக்கலாமென்றால் நடுவில் ஓட்டை.

மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு போனால் தப்பிக்கலாமா? அதுவும் நிச்சயமில்லை. லினக்ஸ்காரர்கள் வருஷக்கணக்காகச் சிபாரிசு செய்த கார்டு டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என். அதன் முதல் பதிப்பில் இருந்தது ஏதெராஸ் ஏஆர்9271 சிப். டிரைவர் கெர்னலிலேயே உண்டு, ஃபர்ம்வேரும் திறந்த மூலம். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப் வந்து உட்கார்ந்தது. பெட்டியில் அதே பெயர், பதிப்பு எண் மட்டும் பொடி எழுத்தில். போர்ட் பிளேயருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஊர் அதே ஊர்தான். இந்தக் கார்டுக்குப் பெயர் மாறவில்லை, ஆள்தான் மாறிவிட்டது.

யூனிக்ஸ் குடும்பத்தில் ஃப்ரீபிஎஸ்டிக்காரர் பாடு இன்னும் வேடிக்கை. அங்கே வைஃபை டிரைவர் பஞ்சம் பழையது. அதனால் 'வைஃபைபாக்ஸ்' என்று ஒன்று செய்தார்கள். ஃப்ரீபிஎஸ்டிக்குள்ளேயே மெய்நிகர் கணினியாக ஒரு குட்டி லினக்ஸை ஓட்டி, கார்டை அதன் கையில் கொடுத்து, இணையத்தை அதனிடமிருந்து வாங்கிக்கொள்வது! பக்கத்து வீட்டில் சமைக்கச் சொல்லித் தன் வீட்டில் பந்தி போடுவது மாதிரி. கேலி செய்யலாம், ஆனால் பசி அடங்குகிறது.

சென்னைவாசிக்குக் கார்டு சரிப்படவில்லையென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேறொன்று பார்க்கலாம். அந்தமானிலிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அதனால் அந்தமானில் கார்டு வாங்குவதற்கு முன்பே விசாரணை முடிந்திருக்க வேண்டும். பெட்டியில் உள்ள பெயரை விட்டுவிட்டு உள்ளே உள்ள சிப்பைக் கேட்க வேண்டும். அந்த சிப்புக்கு டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து இறக்கி ஒட்டவைத்த டிரைவர் அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் படுத்துவிடலாம். அவசரத்துக்கு ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போட்டால், வைஃபை கார்டே இல்லாமல் இணையம் வரும்.

யூஎஸ்பிக்கு மீடியாடெக் எம்டி7612யூ நல்ல சிப். லேப்டாப்புக்குள் வைஃபை கார்டுக்கான எம்.2 இடம் இருந்தால் இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்கலாம்; கெர்னல் 5.10 முதல் ஆதரவு உண்டு, ஏஎம்டி லேப்டாப்பிலும் ஓடும். கப்பலேறி வரும் மச்சானிடம் வாங்கி வரச் சொல்வதானால் எண்ணைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். ஏஎக்ஸ்211 என்றும் ஒன்று இருக்கிறது. பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அதற்கென்று அமைந்த இன்டெல் கணினிகளில் மட்டுமே ஓடும். கடைசி எண் சைபர், மச்சான். ஒன்று இல்லை.