குழு கண்ட பெருமான்

தருமபுரி ஜில்லாவில் வற்றாத ஊற்று எது என்று என்னைக் கேட்டால், கோடையில் இளைத்துப்போகிற ஒகேனக்கல் அருவியைச் சொல்ல மாட்டேன். பழைய மாணவர் சங்கங்களில் ஆங்காங்கே அவதரித்திருக்கும் குழு ஸ்தாபகர்களின் உற்சாகத்தையே சொல்வேன். பென்னாகரத்தில் ஒருவர் உண்டு. பாலக்கோட்டில் ஒருவர் உண்டு. அரூரில் இருவர் உண்டு, அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை கல்யாண மண்டபத்தில் சங்கம் கூடி, ஆசிரியப் பெருமக்களுக்குச் சால்வை போர்த்தி, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, பந்தியும் முடிந்து, நரைத்த தலைகளெல்லாம் நாற்காலியில் சாய்ந்து கண்ணயரத் தொடங்கும் அந்தப் பலவீனமான முகூர்த்தத்தைத்தான் நம் பெருமான் தேர்ந்தெடுப்பார். ஒலிபெருக்கியை இரண்டு தட்டுத் தட்டி, “ஒரு சின்ன விஷயம்” என்பார். அதன்பின் நாற்பது நிமிஷம் எவருக்கும் விமோசனம் கிடையாது.

அவருடைய சித்தாந்தத்தில் பிழை காண்பதற்கில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரம்படியைப் பங்கிட்டுக்கொண்டவர்கள், பின்னாளில் ஒருவன் ஓசூர்த் தொழிற்சாலையிலும், ஒருவன் பெங்களூர்க் கம்ப்யூட்டர் கம்பெனியிலும், ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனியிலும், ஒருவன் பாலக்கோட்டுத் தக்காளி மண்டியிலுமாகச் சிதறிப்போன பிற்பாடு, குழந்தைகள் எத்தனை, சர்க்கரை எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளுக்கு மேல் பேச விஷயமின்றித் திகைப்பது உலக இயற்கை. ஆகவே ரசனை ஒத்தவர்கள் தாமே கூடித் தாமே நடத்திக்கொள்ளும் குழுக்கள் வேண்டும், சங்கம் அதில் தலையிடலாகாது என்கிறார். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் பழைய மாணவர்கள், ஊர்வாரிச் சங்கங்களோடு இத்தகைய விருப்பக் குழுக்களையும் வைத்து நடத்துகிறார்கள் என்பதை அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவூட்டத் தவறுவதில்லை. சங்கடமெல்லாம், இன்னாருக்கு இன்னதில்தான் ரசனை என்பதையும் அவரே நிர்ணயித்துவிடுவதில் இருக்கிறது.

“சங்கத்துக்கே ஆளு வர்றதில்ல, இதுல பிரிவு எதுக்குடா மாப்ளே?” என்று பொருளாளர் முனகுவார். பெருமானிடம் சரித்திரமே ஆதாரமாக இருக்கிறது. “1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பிரிந்ததனால் யாராவது கெட்டுப்போனார்களா?” என்று அவர் கர்ஜிக்கும்போது, கிருஷ்ணகிரியோடு மாந்தோப்புகளில் பெரும்பகுதியும் போய்விட்டதே என்று சொல்ல வாயெடுத்தவர்கூட மௌனமாகிவிடுவார்.

சங்கங்களைப் பதிவு செய்வதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏழு பேர் இருந்தால் போதும். இந்த ‘ஏழு’ நம் பெருமானின் வாழ்க்கையில் ஒரு மகாமந்திரமாகிவிட்டது. தகடூர் நடுகல் ஆய்வுக் குழு, வத்தல்மலை மலையேற்றக் குழு, சிறுதானியக் குழு, நெல்லிக்கனி ஆரோக்கியக் குழு என்று எத்தனை கண்டாலும், உறுப்பினர் பட்டியலைப் புரட்டினால் அதே ஏழு பேர்தான் பதவிகளை மட்டும் மாற்றிக்கொண்டு நிற்பார்கள். ஒன்றில் தலைவர் மற்றொன்றில் பொருளாளர். வெறும் உறுப்பினர் என்று ஒரு ஜீவன் எந்தக் குழுவிலும் அகப்படாது. அதியமான் ஒரு நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்து காலமெல்லாம் புகழ் பெற்றான்; இவரோ கனியைக் காணுமுன்பே அதற்கொரு துணைச் செயலாளரை நியமித்தவர்.

நடுகல் குழு, தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ள வீரக்கற்களையாவது ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். லெட்டர் பேடில் வில்லேந்திய வீரனைப் போடுவதா, வாளேந்தியவனைப் போடுவதா என்ற சர்ச்சையில் அது வீரமரணம் எய்தியது. மலையேற்றக் குழு வத்தல்மலைக்குக் காரில் ஏறி, அங்கே விளைந்த காப்பியைக் குடித்து, காரிலேயே இறங்கியது. சிறுதானியக் குழு சாமையின் மகிமையை இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் பிரியாணிக்குக் கலைந்தது. அங்கத்தினர் அனைவரும் தவறாமல் ஆஜராகும் குழு ஒன்றே ஒன்று உண்டு. அதன் திருநாமம் காவிரி நீர்ச் சூழலியல் குழு. ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கரையில் சுடச்சுட வறுத்துத் தரும் மீனைப் பரிசீலிப்பதே அதன் ஆராய்ச்சி.

பட்டியலில் இடம்பெறாத ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. அதே பள்ளியில் படித்த பெண்மணிகள் மூவர், சனிக்கிழமைதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவருகிறார்கள். அதற்குப் பெயரில்லை, முத்திரையில்லை, தலைவியும் இல்லை. ஒருத்திக்கு உடம்பு சரியில்லையென்றால் மற்றவள் போய்விடுகிறாள், அவ்வளவுதான். பிள்ளைகள் கணக்கில் தவறுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் தொடங்கியதால் அது நடக்கிறது. குழு காண வேண்டும் என்பதற்காகக் கண்டவை நடக்கவில்லை. செய்தி எட்டியதும் பெருமான் பதைத்துப்போய், திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கக் கையில் பஞ்சாங்கத்துடன் ஓடினார். “விழா வெச்சா அன்னிக்குப் பாடம் நடக்காதுங்கண்ணா” என்று அவர்கள் சொன்னதன் உட்பொருள் அவருக்கு இன்னமும் விளங்கவில்லை.

ஆயினும் அவர் துஷ்டரல்லர். சங்கத்துக்கு வாராதவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் முதலில் போய் நிற்பவர் அவரே. அங்கும் இரண்டொரு உறுப்பினரைச் சேர்த்துக்கொண்டுதான் திரும்புவார் என்பது வேறு விஷயம். ஆகையால் வாசகரே, அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் பந்தி முடிந்து அவர் உம்மைப் பார்த்துப் புன்னகை புரிவாரேயானால், துணைச் செயலாளர் பதவியை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். மறுத்தீரோ, தலைவராக்கிவிடுவார்.