கெட்டுப்போன ஸ்பீக்கரின் சரித்திரம்

ராக் இசையின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் முதல் பக்கத்திலேயே பெரிய பெரிய வார்த்தைகளை இறக்கிவிடுவார்கள். இளைஞர் எழுச்சி, போருக்குப் பிந்தைய தலைமுறையின் கோபம், அடக்கப்பட்டவர்களின் குரல். எல்லாம் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சரித்திரத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதோ ஒரு சாமான் ரிப்பேராகிக் கிடந்திருக்கிறது. அந்தச் சாமானுக்கு யாரும் அடிக்குறிப்புக்கு மேல் இடம் கொடுத்ததில்லை. இங்கே சாமானுக்குத்தான் முதல் மரியாதை. தத்துவம் இடமிருந்தால் பின் சீட்டில் ஏறிக்கொள்ளட்டும்.

1951 மார்ச். மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேலிலிருந்து ஒரு வாத்தியக் கோஷ்டி மெம்ஃபிஸ் நகரத்துக்குக் காரில் கிளம்புகிறது. தலைவர் ஐக் டர்னர், வயது 19. ஆள், வாத்தியம், மூட்டைமுடிச்சு எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு போனதில் கிட்டார்காரர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப்ளிஃபயருக்கு வழியில் கண்டம். டயர் பஞ்சராகி இறக்கி ஏற்றும்போது கீழே விழுந்தது என்று ஒரு கட்சி. மழையில் நனைந்தது என்று இன்னொரு கட்சி. ஸ்பீக்கர் கிழிந்து போய்ச் சேர்ந்தது என்பதில் இரு கட்சிக்கும் ஒற்றுமை.

மெம்ஃபிஸில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் சாம் ஃபிலிப்ஸ். பாட்டுப் பதிவை மட்டும் நம்பிப் பிழைப்பு ஓடாததால் கல்யாணம், சவ அடக்கம் என்று எது வந்தாலும் போய்ப் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். எழவு வீட்டுக்கும் இசைத்தட்டு போட்டவருக்குக் கிழிந்த ஸ்பீக்கர் எம்மாத்திரம்? வேறு ஆம்ப் தேடி ஓடாமல், காகிதத்தைக் கசக்கி ஓட்டையில் திணித்து, வாசி என்றார். ஜலதோஷம் பிடித்த எருமை போல ஒரு உறுமல் வந்தது. ஃபிலிப்ஸுக்கு அது பிடித்துப்போயிற்று. உறுமலை மறைக்காமல் முன்னால் தூக்கி வைத்தார்.

அப்படிப் பிறந்ததுதான் ‘ராக்கெட் 88’. உலகின் முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு இதுதான் என்று பலர் சத்தியம் செய்கிறார்கள். அந்தப் பட்டத்துக்கு இன்னும் பல பாட்டுகள் வரிசையில் நிற்கின்றன என்பது வேறு விஷயம். பாட்டின் பொருள் புரட்சியல்ல, ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனியின் ஒரு கார். இசைத்தட்டில் டர்னரின் பெயரும் இல்லை. குரல் கொடுத்த சாக்ஸபோன்காரரின் பெயரில், ‘ஜாக்கி பிரென்ஸ்டனும் அவரது டெல்டா கேட்ஸும்’ என்று அச்சடித்தார்கள். அப்படி ஒரு கோஷ்டியே கிடையாது. தலைப்பில் கார் விளம்பரம், இசையில் உடைந்த சாமான், உரிமையில் தகராறு. ராக் தொழிலின் மூன்று தூண்களும் முதல் நாளிலேயே நட்டாகிவிட்டன. பாட்டு அந்த வருடம் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. பிறகு டர்னர் ஆயுள் முழுக்க மற்றவர்களுக்கு எவ்வளவு தொல்லை கொடுத்தார் என்பதற்குத் தனிப் புராணம் உண்டு. அவர் மனைவியாக இருந்த டினா டர்னர் அதைப் புத்தகமாகவே எழுதினார்.

தானாகக் கெட்ட காலம் போய், கெடுத்துக்கொள்ளும் காலம் வந்தது. லிங்க் ரே என்பவருக்குக் காசநோயில் ஒரு நுரையீரல் போய்விட்டது. மூச்சைப் பிடித்துப் பாட முடியாது, அதனால் கிட்டாரைப் பாட வைத்தார். அதுவும் போதிய அளவு முரடாக இல்லையென்று பென்சிலால் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டார். 1958இல் வந்த அந்த ‘ரம்பிள்’ இசைத்தட்டை, பையன்கள் கேட்டால் தெருச்சண்டைக்குப் போவார்கள் என்று சில ஊர் வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தன. அதில் ஒரு சொல்கூட கிடையாது. வரியே இல்லாத பாட்டுக்குத் தடை வாங்கியவர் என்ற பெருமை வேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஆறு வருடம் கழித்து லண்டனில் டேவ் டேவிஸ் என்ற 17 வயதுப் பையன் சவர பிளேடால் தன் ஆம்ப்பின் ஸ்பீக்கரைக் கீறினான். அந்த வயதில் பையன்கள் பிளேடை எடுத்தால் வீட்டில் பதறுவார்கள். இங்கே ‘கிங்க்ஸ்’ குழுவுக்கு முதலிடப் பாட்டு கிடைத்தது.

இதற்கு நடுவில் நாஷ்வில்லில் நடந்த கூத்தைச் சொல்லாமல் போனால் பாவம். மார்ட்டி ராபின்ஸ் என்ற கண்ட்ரி பாடகர் ‘டோன்ட் வொர்ரி’ என்று உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார். நடுவில் கிரேடி மார்ட்டின் வாசித்த பாஸ் கிட்டார் திடீரென்று தேனீக்கூட்டைக் கலைத்துவிட்டது. ஸ்டூடியோவின் ஒலிக்கலவை மேசையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. பாட்டை அப்படியே 1961இல் வெளியிட்டார்கள், நன்றாக ஓடியது. உடனே மற்றவர்களும் எங்களுக்கும் அந்தச் சத்தம் வேண்டும் என்று வந்து நின்றார்கள். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் அதற்குள் முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி, நல்ல பாகங்களைக் கொண்டு கெட்ட சத்தம் எழுப்பும் மின்சுற்று ஒன்றை வடிவமைத்தார். கிப்சன் கம்பெனி அதை வாங்கி 1962இல் ‘ஃபஸ் டோன்’ என்று பெட்டியில் போட்டு விற்றது. பழுதுக்கு விலைப்பட்டியல் ஒட்டிய நாள் அது.

கம்பெனிக்கே என்ன விற்கிறோம் என்று புரியவில்லை. இதை மிதித்தால் உங்கள் கிட்டார் டிரம்பெட்டாகும், டியூபாவாகும், செல்லோவாகும் என்று விளம்பரம் செய்தார்கள். சரக்கு கடைகளில் தூங்கியது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அரைத்தூக்கத்தில் எழுந்து ஒரு மெட்டைக் கேசட்டில் பதிந்துவிட்டுத் திரும்பப் படுத்தார். காலையில் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் மெட்டு, மீதி முழுக்கக் குறட்டை. பாட்டை முறையாகப் பதியும்போது, ஊதுவாத்தியங்கள் வரவேண்டிய இடத்தில் அடையாளத்துக்கு ஃபஸ் பெட்டியை மிதித்து வாசித்து வைத்தார். விளம்பரம் சொன்னதை நம்பிய ஒரே வாடிக்கையாளர்! மற்றவர்கள் அவரைக் கேட்காமல் அதையே வெளியிடச் சொன்னார்கள். அதுதான் ‘சாட்டிஸ்ஃபாக்ஷன்’. அந்த வருடம் முடிவதற்குள் கடைகளில் ஃபஸ் டோன் காலி.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பீட் டவுன்ஷெண்டுக்கு ஆடவும் தெரியும், கூடமும் நிஜமாகவே கோணல். 1964இல் லண்டனை ஒட்டிய ஹாரோவில், ரயில்வே டேவர்ன் என்ற மதுக்கடையில் ‘தி ஹூ’ குழு வாசித்தது. தாழ்வான கூரையில் இடித்துக் கிட்டாரின் தலை முறிந்தது. கூட்டம் சிரித்தது. அவமானத்தில் மனுஷர் மிச்சத்தையும் அடித்து நொறுக்கி, இதெல்லாம் கலை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். அடுத்த முறை வந்த கூட்டம் வாசிப்பைவிட உடைப்பை எதிர்பார்த்தது. டிரம்காரர் கீத் மூன் தன் பங்குக்கு டிரம்களை உதைத்துத் தள்ளினார். கச்சேரிக் கூலியைவிட உடைத்த சாமானின் விலை அதிகமாகி, குழு வெகு காலம் கடனில் உழன்றது.

இதுவரை உடைந்தவை எல்லாம் மரமும் காகிதமும். ஹெவி மெட்டலுக்கு மட்டும் சதை கேட்டது. 1965இல் பர்மிங்ஹாமில் தகரப் பட்டறை ஒன்றில் டோனி அயோமிக்குக் கடைசி நாள். வயது 17, மறுபடி பட்டறைப் பக்கமே வர வேண்டியதில்லை, இசைக்குழுவோடு வெளியூர்ப் பயணம் காத்திருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் இனி போகப்போவதில்லை என்றார். வேலையைப் பாதியில் விடக்கூடாது, முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பி வைத்தார். அன்று பிரஸ் மிஷின்காரர் வராததால் பழக்கமில்லாத இவரை அதில் உட்கார்த்தினார்கள். வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. அயோமி இடதுகைக்காரர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுதான்.

பட்டறை மேலாள் ஒரு இசைத்தட்டோடு பார்க்க வந்தார். தீயில் கருகிய கையின் இரண்டு விரல்களை வைத்தே கிட்டார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. கேட்ட அயோமி, பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். கெட்டித் தந்தி வலிக்கிறதென்று மெல்லிய தந்தி போட்டார். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, அவருடைய ‘பிளாக் சபாத்’ குழுவின் முதல் ஆல்பம் வந்தது. பிறகு தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். இறங்கிய சுருதியில் கிட்டார் பாதாளத்திலிருந்து பேசியது.  சாத்தான், சூனியம் என்று பயந்த பெற்றோருக்கு, அதன் மூலத்தில் இருந்தது ஒரு தாயின் நல்லொழுக்கப் போதனை என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஜமைக்காவில் உடைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, மறந்தாலே போதும். 1960களின் கடைசியில் ஸ்டூடியோவில் தட்டு வெட்டிக் கொடுத்தவர் பாடகரின் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார். ரட்டி ரெட்வுட் என்பவர் அந்த ஊமைத் தட்டைத் தன் சவுண்டு சர்வீஸில் போட, கூட்டமே பாடித் தீர்த்தது. ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் கிங் டப்பி இந்த மறதியைச் சாஸ்திரமாக்கி, உள்ள பாட்டைப் பிரித்து மேய்ந்தார், அது டப். கிங்ஸ்டனிலிருந்து நியூயார்க் போன கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸில், தங்கைக்குப் பள்ளிக்கூட உடுப்பு வாங்கக் காசு திரட்டும் விருந்தில் தட்டுகளைச் சுழற்றினார். அது ஹிப் ஹாப். அதே பிராங்க்ஸில் தியோடர் என்ற சிறுவனின் அறைக்கதவைத் திறந்து அம்மா சத்தம் போட, அவன் சுழலும் தட்டைக் கையால் அமுக்கிப் பிடித்தான். கிறீச் கிறீச்சென்று வந்ததுதான் ஸ்கிராட்ச். இந்தச் சரித்திரத்தில் அம்மாக்களின் பங்கை ஒருவரும் ஆராயவில்லை.

ஜப்பான்காரர்கள் வந்த பிறகாவது ஒழுங்கு வரும் என்று பார்த்தால், ரோலண்ட் கம்பெனி 1980இல் கொண்டுவந்த 808 தாள இயந்திரத்துக்குக் கழித்துக்கட்டிய டிரான்ஸிஸ்டர்களைத் தேடி வாங்கிப் போட்டது. அந்தக் கோளாறில்தான் சத்தம் இனித்தது. டிரான்ஸிஸ்டர் தயாரிப்பு முன்னேறி, கழிவே வராமல் போனதும் 808க்குச் சாவுமணி அடித்தார்கள். தரம் உயர்ந்ததால் செத்த பொருள் அது.

அதன் தம்பி 303. பாஸ் கிட்டார்காரர் இல்லாத குறையைத் தீர்க்க வந்தது. எந்தப் பாஸ் கிட்டாரும் அப்படி ஒலித்ததில்லை, இயக்கவும் மண்டை காய வேண்டும். கம்பெனி கைகழுவ, அடிமாட்டு விலைக்கு வந்தது. அதற்கு முன்பே பம்பாய் சினிமாக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் அதையும் சேர்த்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஆல்பம் போட்டார்; யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிகாகோவின் ‘ஃபியூச்சர்’ குழுப் பையன்கள் பழைய சாமான் விலைக்கு ஒன்றை வாங்கி, முறையாக இயக்கத் தெரியாமல் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். 1987இல் அந்தத் திருகல் ‘ஆசிட் ஹவுஸ்’ ஆகி ஐரோப்பாவே ஆடியது. முறையாகப் பயின்று ராகம் வாசித்தவரைத் தேடி உலகம் வர இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கடைசியாக, பழுதை ஒழித்தே தீருவது என்று ஒருவர் கிளம்பினார். ஆண்டி ஹில்டபிராண்ட், நிலத்துக்கடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று ஒலியலைகளை வைத்துக் கணக்குப் போட்டவர். ஒரு மதிய விருந்தில் சக தொழிலாளியின் மனைவி, என்னைச் சுருதி பிசகாமல் பாட வைக்கும் பெட்டி ஒன்று செய்து கொடுங்களேன் என்றார். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். 1997இல் ‘ஆட்டோ டியூன்’ கடைக்கு வந்தது. பிசகிய ஸ்வரத்தை எவ்வளவு வேகத்தில் இழுத்து நிறுத்துவது என்பதற்கு அதில் ஒரு அளவு இருந்தது. அதன் ஒரு கோடியில் பூஜ்யம். அங்கே வைத்தால் குரல் மனிதக் குரலாகவே இருக்காது. யாரும் வைக்கப்போவதில்லை என்று அவர் நினைத்தார். 1998இல் ஷேரின் ‘பிலீவ்’ பாட்டுக்குத் தயாரிப்பாளர்கள் நேராகப் பூஜ்யத்தில் வைத்தார்கள். எப்படி இந்தச் சத்தம் வந்தது என்று ஒலிப்பதிவுப் பத்திரிகை கேட்டபோது, அது வேறொரு கம்பெனியின் பெடல் என்று கூசாமல் சொல்லிவிட்டார்கள்.