பழுவூர்க் கிழவரின் காதல்

'பொன்னியின் செல்வ'னில் யாருடைய காதல் பெரியது என்று கேட்டால், அந்த நாளில் எங்கள் ஏலாக்குறிச்சியில் ஆளுக்கொரு பதில் வரும். வந்தியத்தேவனும் குந்தவையும் என்பார்கள். வானதிக்காகப் பரிந்து பேசுவார்கள். பூங்குழலிக்கென்று ஒரு கட்சி இருந்தது. பெரிய பழுவேட்டரையர் பெயரைச் சொன்னது எங்கள் அத்தை ஒருவர்தான். அவர் சொன்னதுதான் சரி என்று இன்று நான் அடித்துச் சொல்வேன்.

கல்கி 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் எழுதிய தொடர் அது. அத்தையிடம் இருந்தது பத்திரிகைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, காக்கி அட்டை போட்ட கட்டு. ஒரு பக்கம் மணியம் வரைந்த படம் இருக்கும், திருப்பினால் தைல விளம்பரம். விதைக்கடலை உரிக்கும் மத்தியான நேரங்களில் அத்தை உரக்கப் படிப்பார். தெருப் பெண்கள் முறத்தோடு வந்து சுற்றி உட்காருவார்கள். கடலை உடையும் சத்தத்தை வைத்தே கதை எங்கே போகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். கொள்ளிடத்து வெள்ளத்தில் பழுவேட்டரையரின் படகு கவிழும் இடத்தில் ஒரு கடலைகூட உடையாது. எங்களுக்குத் தெரிந்த ஆறு, எங்களுக்குத் தெரிந்த வெள்ளம்.

மற்ற இடங்களில் அந்தக் கிழவர் வந்தாலே சிரிப்புதான். இருபத்து நான்கு போர்களில் அறுபத்து நான்கு விழுப்புண் பட்டவர், முதுமையில் நந்தினியை மணந்துகொண்டு அவள் முகம் பார்த்து நிற்கிறாரே! அவளுடைய விரதம் முடியட்டும் என்று மனைவியிடமிருந்து விலகியே இருக்கிறாரே! "இந்த வயசுல இது தேவையா அந்த மனுசனுக்கு?" என்பார் எதிர்வீட்டுப் பெரியம்மா. அத்தை சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து விட்ட இடத்திலிருந்து படிப்பார். ஒருநாள் மட்டும் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுக் கேட்டார்: "சூசையப்பரும் விரதத்துக்குச் சம்மதிச்சவர்தான். அவரைப் பாத்து யாராச்சும் சிரிக்கிறீங்களா?"

யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊருக்கு அந்தக் கேள்வி உறைக்கும். அடைக்கல மாதா கோயிலைக் கட்டிய வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியின் நாயகர் சூசையப்பர். கன்னிமை விரதம் காத்து வாழ்ந்த கணவன் மனைவி பற்றிய காப்பியம் எங்களுக்குச் சொந்தக் கதை போல. அந்தத் தம்பதியைக் கும்பிட்டுவிட்டு வந்து இந்தத் தம்பதியைப் பார்த்துச் சிரிக்கிறோமே என்பதுதான் அத்தை கேட்டது.

அவர் கேட்டதற்கு வேறு காரணமும் உண்டு. அத்தை புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று கடைசிவரை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. மாமா பக்கத்து ஊர்தான். ஆண்டுதோறும் திருவிழாவுக்கு வருவார், தேர் வடம் பிடிப்பார், எங்கள் தெரு வழியாகவே போவார். வாசற்படி மிதிக்க மாட்டார். அத்தை மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வடத்தின் எந்தப் பக்கம் மாமா நிற்கிறார் என்று எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

நந்தினிக்காக முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே பெண்கள், கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டை எங்கள் அத்தை கையில் கொடுக்க மாட்டார்கள். கதையில் பிரிந்து நின்றவளுக்குக் கண்ணீர், தெருவில் பிரிந்து நின்றவளுக்கு ஒதுக்கல். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது காலம் மாறியிருக்கிறது. ஒத்துவராமல் வீடு திரும்பும் பெண் அரியலூரில் வேலைக்குப் போகிறாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறாள், விசேஷத்தில் முன்வரிசையில் உட்காருகிறாள். கேட்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அந்த மட்டுக்கும் நல்லது.

கதையும் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகி மலிவுப் பதிப்புகள் வந்தன. 2022இலும் 2023இலும் படமாகவும் வந்து, சரத்குமார் பழுவேட்டரையராகவும் ஐஸ்வர்யா ராய் நந்தினியாகவும் வீட்டுக்கு வீடு தெரிந்தவர்கள் ஆனார்கள். திருமானூர் வழியாகக் கீழப்பழுவூருக்குக் காரில் வருகிறவர்கள் "நந்தினி அரண்மனை எங்கேங்க?" என்று விசாரிக்கிறார்கள். நந்தினி கல்கியின் கற்பனை. அவளுக்கு அரண்மனை கிடையாது. பழுவேட்டரையர்கள் நிஜம். பராந்தக சோழனுக்கே பெண் கொடுத்த குலம் என்று அன்பில் செப்பேடு சொல்கிறது. மேலப்பழுவூரை ஒட்டிய கீழையூரில் குமரன் கண்டன் என்ற பழுவேட்டரையர் ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எடுப்பித்த இரட்டைக் கோயில் நிற்கிறது. தென்வாயில் கோயிலின் தூண்களைத் தாங்கி உட்கார்ந்திருக்கும் சிங்கங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள், பல்லவர் கைப்பழக்கம் தெரியும். இல்லாத அரண்மனையைத் தேடி வருகிறவர்கள் இருக்கிற கோயிலைப் பார்க்காமல் திரும்புவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அத்தைக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பேத்தி முறையில் ஒருத்தி போனில் கதையைப் போட்டுவிடுகிறாள், கட்டிலில் சாய்ந்தபடி கேட்கிறார். மாமா தவறிப்போன செய்தி வந்தபோது அத்தை ஒருவரையும் கேட்காமல் கிளம்பிப் போய்விட்டு வந்தார். அதைப் பற்றியும் பேசியதில்லை. பழுவேட்டரையரைப் பற்றி என்றால் மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார்.

எங்களுக்குள் ஓயாத வழக்கு, பச்சைமலைக் குகை அத்தியாயம். பெரம்பலூர்ப் பக்கத்துப் பச்சைமலைதான். நந்தினியைப் பற்றிய உண்மை தெரிந்து கொதித்துக் கடம்பூருக்கு ஓடியவர், எல்லாம் எரிந்து முடிந்தபின் அந்தக் குகையில் கண் விழிக்கிறார். அவர் பாதத்தில் கண்ணீர் விட்டு நந்தினி விடைபெற்றுப் போகிறாள். ஐந்து பாகத்திலும் அந்த இருவர் மனம் விட்டுப் பேசிக்கொள்வது அங்கேதான். போர்க்களங்களையும் சதிகளையும் அவ்வளவு விரித்து எழுதிய கல்கி, ஒரு கணவன் மனைவியின் கணக்குத் தீர்ப்பதைக் கோட்டைக்கு வெளியே, சாட்சி இல்லாத ஒரு மலைக்குகையில் வைத்தார் பாருங்கள், அங்கேதான் அவர் பெரிய எழுத்தாளர்.

பழுவேட்டரையர் விலகி நின்ற நாட்களிலேயே நந்தினிக்கு அவர்மேல் அன்பு வந்துவிட்டது, அவள்தான் அதைத் தனக்கே மறைத்துக்கொண்டாள் என்பது என் கட்சி. அத்தை ஒப்புக்கொள்வதில்லை. "அதெல்லாம் மரியாதைடி. அன்பு அந்தக் குகையிலதான் வந்துச்சு. வந்த அன்னைக்கே எந்திரிச்சுப் போயிட்டா." சொல்லிவிட்டு, அந்த அத்தியாயத்தை மறுபடி போடச் சொல்கிறார்.