அளகும் செங்காயும்: தக்காளி பழுத்ததென்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?

கொல்லையில் நாலு கோழியும் பத்துத் தக்காளிச் செடியும் வைத்திருக்கும் வீடுகளில் அன்றாடம் நடந்தும் ஆய்வாளர் எவரும் பொருட்படுத்தாத ஒரு நிகழ்வை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மாலையில் வீட்டார் செடியருகே போய், பழத்தைத் தொட்டுப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும், நாளைக்குப் பறிச்சுக்கலாம்’ என்று திரும்பிவிடுகிறார்கள். மறுநாள் கூடையோடு போனால், அந்தப் பழத்தில், கொத்திலிருக்கும் மற்றவற்றை விட்டுவிட்டுச் சரியாக அந்தப் பழத்தில், விரல்நுனி அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. இதைத் திருட்டு என்பது உலக வழக்கு. கோழியைக் கல்லெடுத்துத் துரத்துவதும், அதன் முன்னோரை இழுத்துப் பேசுவதும், ஞாயிற்றுக்கிழமையை நினைவூட்டி மிரட்டுவதும் அந்த வழக்கிலிருந்து கிளைத்த சடங்குகளே. இக்கட்டுரையின் துணிபு வேறு. தக்காளி பழுத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அந்தக் கொல்லையில் கோழி ஒன்றுக்கே உண்டு. துளை என்பது களவின் தடயம் அன்று, தரச்சான்றின் முத்திரை. வீட்டார் அந்தத் தீர்ப்பைத் தாமதமாகத் தெரிந்துகொள்பவர்கள், அவ்வளவே.

முதலில் மூப்புரிமை. தொல்காப்பிய மரபியல் பெண்கோழிக்கு ‘அளகு’ என்று தனிப்பெயர் கொடுத்து, அந்தப் பெயருக்குக் கூகையைத் தவிர வேறு பங்காளி கிடையாது என்று வரம்பும் கட்டியிருக்கிறது. தக்காளியோ தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்புறத்தில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகப் பக்குவப்பட்டு, ஐரோப்பியர் கப்பலேறிய பிறகு வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் அதற்குச் சொந்தமாக ஒரு பெயர்கூட இல்லை. மணத்தக்காளி வகையறாவுக்கு ஏற்கெனவே இருந்த பெயரைக் கடன் வாங்கி, ‘சீமைத்தக்காளி’ என்று சிலகாலம் அடைமொழியோடு வாழ்ந்து, பிறகு அடைமொழியை உதறிவிட்டு உள்ளூர்க்காரராகிவிட்டது. கோழியின் மூதாதை தென்கிழக்காசியச் செங்காட்டுக்கோழிதானே என்று இடைமறிப்போர் உளர். ஆனால் வீட்டுக்கோழிகளின் மஞ்சள் கால், தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆகவே கோழி இந்த மண்ணில் காலூன்றிய இனம் என்று சொல்வது வெறும் அலங்காரம் அன்று. ஊன்றிய காலே இந்த மண்ணினுடையது.

அதிகாரத்துக்கு மூப்பு மட்டும் போதாது, தகுதியும் வேண்டும். மனிதக் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. கோழியின் கண்ணில் நான்கு. போதாததற்கு, அதன் கூம்புகளில் வண்ணக் கண்ணாடிபோல எண்ணெய்த்துளிகள் அமர்ந்து நிறத்தை மேலும் வடிகட்டிக் கொடுக்கின்றன. அமெரிக்க வேளாண் துறை தக்காளியின் நிறத்தைப் பச்சை முதல் சிவப்பு வரை ஆறு படிகளாக வகுத்திருக்கிறது. அதில் இரண்டாம் படி, தோலில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் நிறம் மாறத் தொடங்கும் நிலை. அந்த மாற்றத்துக்குப் படிக்கணக்கும் வண்ண அட்டையும் வைத்துக்கொள்ளாமல் ‘செங்காய்’ என்று ஒரே சொல்லில் முடித்தது தமிழ். கோழி அந்தச் சொல்லும் இல்லாமல் முடிக்கிறது. இலையிலும் பச்சைக் காயிலும் இருக்கும் டொமாட்டின் என்ற கசப்புப் பொருள் பழுக்கப் பழுக்கக் குறைகிறது. காயைப் பெரும்பாலும் தொடாமல் கடந்துபோகிற அலகு, பழத்தின்முன் நின்றுவிடுகிறது. ஆய்வுக்கூடம் இல்லாமலேயே ஆய்வு முடிந்தது என்பது இதனால் பெறப்படும்.

இனி களச் சான்றுகள். தக்காளிச் செடியில் முதலில் பூத்து முதலில் பழுப்பது அடிக்கொத்து. அது தொங்கும் உயரம் கோழி கழுத்தை நீட்டினால் எட்டும் உயரம். பழுக்கும் இடமும் அதிகாரி நிற்கும் இடமும் இப்படிப் பொருந்தியதைத் தற்செயல் என்று தள்ளுவது ஆய்வுநெறிக்கு அழகன்று. அடுத்தது, துளைகளின் எண்ணிக்கை. பசிக்கு வந்த கோழி என்றால் ஒரு பழத்தைத் தின்று தீர்த்துவிட்டுத்தானே அடுத்ததற்குப் போக வேண்டும்? நடப்பதோ, இதில் ஒரு கொத்து, அதில் ஒரு கொத்து, தள்ளி நிற்கும் செடியில் இன்னொரு கொத்து. எடைக்கல்லுக்கு முத்திரை குத்த வந்த அதிகாரி எடைக்கல்லை விழுங்கிவிட்டுப் போவதில்லை. மூன்றாவது, நேரம். இருட்டினால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆகவே இரவுப்பணி கிடையாது. வெளிச்சம் வந்து கூடு திறந்ததும், அடுப்படியில் காப்பிக்குப் பால் பொங்குமுன், அன்றைய கோப்புகள் அனைத்தும் பைசலாகிவிடுகின்றன.

கோழிக்கு இனிப்பே தெரியாதே, அது எப்படிப் பழத்துக்குச் சான்று வழங்கும் என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானது. இனிப்பை உணர்த்தும் ஏற்பியின் பாதியை உண்டாக்கும் மரபணு கோழியிடம் இல்லை என்பது உறுதியான செய்தி. ஆயின் இது குறையன்று, நிறை. தீர்ப்பளிப்பவருக்கு வழக்கில் ருசி இருக்கக்கூடாது. இனிப்புக்கு ஆசைப்பட்டு ஒருநாள் வாய்தா வாங்கியவர்கள் வீட்டார். ஆதாயம் இல்லாமல் அன்றே முடித்தது கோழி. இன்னொரு சாரார், கோழி சிவப்பாக எதைக் கண்டாலும் கொத்தும், மருதாணியிட்ட கால்விரலையும் விடாது, ஆகவே அது அறிவது நிறத்தையே அன்றிக் கனிவை அன்று என்பர். அப்படியானால் சந்தையில் குவியலைக் கிளறி, சிவந்ததாகப் பார்த்துப் பொறுக்கி, தட்டில் போட்டுக்கொண்டிருக்கும் மனிதர் அறிவது எதை? 1893இல் அமெரிக்க உச்சநீதிமன்றமே தக்காளி வழக்கு ஒன்றை விசாரித்து, தாவரவியலின்படி அது பழம், இறக்குமதி வரிக்கு மட்டும் காய்கறி என்று முடித்தது. அந்த வழக்கிலும் காயா பழமா என்று கேட்டார்களே தவிர, பழுத்ததா என்று யாரும் கேட்கவில்லை. அந்த அதிகார எல்லை கொல்லைக்கே விடப்பட்டிருக்கிறது.

நாற்று விட்டவர், தண்ணீர் ஊற்றியவர், குச்சி நட்டுக் கட்டியவர் யார், உழைத்தவருக்கன்றோ உரிமை என்பது அடுத்த மறுப்பு. அந்தப் பாத்திக்குப் போன எரு யாருடையது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. கோழி எருவில் தழைச்சத்து மிகுதி. சுண்ணாம்புச்சத்துக் குறைந்து தக்காளியின் அடிப்புறம் கறுத்து அழுகும்போது வீட்டார் நொறுக்கிப் போடும் முட்டை ஓடும் கோழி செய்ததே. எதிர்த்தரப்புக்குச் சாதகமானதையும் மறைக்காமல் சொல்வதானால், எருவைப் பச்சையாகப் போட்டால் வேர் கருகும். மக்கவைத்துப் போட்டாலும் அளவு மிஞ்சினால் செடி இலையாகவே கொழித்துக் காய்ப்பைக் குறைக்கும். ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். ஆனால் இவை மூலதனத்தைக் கையாளத் தெரியாதவர் குற்றங்கள், மூலதனம் போட்டவர் குற்றம் அன்று.

தடுப்பு முறைகளைப் பற்றி இரண்டு கொள்கைகள் வழங்குகின்றன. கோழியைக் கவிழ்த்து மூடு என்பார் பஞ்சாரக் கொள்கையார்; செடியைச் சுற்றி மறை என்பார் வேலிக் கொள்கையார். இரண்டையும் இணைத்து, செடியின்மேல் பஞ்சாரத்தைக் கவிழ்க்கும் சமரசக் கொள்கையும் உண்டு. செடி பஞ்சாரத்தைவிட உயரமாக வளரும் நாள்வரை அது செல்லும். பழைய சேலை, மீன்வலை, முள் என எதைக் கட்டினாலும் வேலிக்கு ஒரு வாசல் வேண்டும். வாசல் இருந்தால் அதைச் சாத்த மறக்க ஒருவர் வேண்டும். எந்த வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். மிளகாய்த் தூள் தூவுவோர் நிலை இன்னும் பரிதாபம். மிளகாயின் எரிச்சலை உணரும் வாய்ப்பு பறவைகளுக்கு இல்லை. கோழி அதைத் தாளிப்பாகவே கருதும். உறையூருக்குக் ‘கோழி’ என்று பெயர் வந்ததற்கு, அங்கே ஒரு கோழி யானையை எதிர்த்து விரட்டியது காரணமாகச் சொல்லப்படுகிறது. யானைக்கு அஞ்சாத குலத்தைக் கிழிந்த சேலையால் நிறுத்தப் பார்ப்பது வரலாற்றறிவின்மை.

ஆகக் குற்றம் கோழியிடமும் இல்லை, வேலியிடமும் இல்லை. ‘நாளைக்கு’ என்ற சொல்லில் இருக்கிறது. செங்காய் ஆனபின் பழுப்பதற்கான எத்திலீனைக் காய் தானே சுரந்துகொள்ளும். பறித்து வீட்டு நிழலில் கூடையில் வைத்தாலும் பழுத்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் பூட்டினால்தான் முரண்டு பிடிக்கும். சித்திரை வெயிலில் செடியில் விட்டுவைப்பதால் ஒரு பயனும் இல்லை. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால் சிவப்பைத் தரும் லைகோபீன் சரியாக உருவாகாது. வீட்டார் வராத சிவப்புக்குக் காத்திருப்பார்கள், கோழி காத்திராது. தீர்ப்பை ஏற்க மனமில்லாதவர்கள் முந்தின மாலையே வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வது ஒன்றே வழி. அந்த ஒருநாளைக் கோழி வீணாக்குவதில்லை. ஒரு முட்டை உருவாக அதற்கு ஏறக்குறைய 25 மணி நேரம்தான் ஆகிறது. கூட்டில் முட்டை வந்துவிடும். அதைக் குழம்பு வைக்கத் தக்காளி வேண்டுமே என்று வீட்டார் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். அங்கே குவித்திருக்கும் பழங்கள் பெரும்பாலும் செங்காயிலேயே பறிக்கப்பட்டு லாரி ஏறி வந்தவை. ஒன்றிலும் துளை இருக்காது.