வேதாளத்தின் விதி

1947-இல் தொடங்கிய அம்புலிமாமா சிறுவர் இதழில் வேதாளத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் முழுக் கதை, பிறகுதான் கேள்வி. பதில் தெரிந்தும், அதைச் சுமந்துவரும் மன்னன் விக்கிரமாதித்தன் வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னாலோ, வேதாளம் பிணத்தோடு மறுபடி முருங்கை மரத்தில்.

ராத்திரி டிவி விவாதத்திலோ கதையே கிடையாது. கேள்வி மட்டும், அதுவும் நாலு பேரிடம் ஒரே மூச்சில். பதிலுக்கு வாயெடுத்தால் 'சின்ன இடைவேளை'. யாரோ சட்டமன்றத்தில் வெளிநடப்பு செய்ததற்கு, மாயாஜாலப் படத்தில் அரக்கன் குகையைவிட்டு வரும்போது அடிக்கிற முரசு வேறு. (அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த, விக்கிரமாதித்தன் தோளில் பிணமும் கையில் வாளுமாக வரும் படத்துக்கு எந்த மேளமும் தேவைப்படவில்லை, பார்த்தாலே குலை நடுங்கும்.)

அந்தத் தலை வெடிக்கும் விதியை மட்டும் ஸ்டுடியோவுக்குள் அமல்படுத்திப் பார்க்கலாம். கட்சிகள் செய்தித் தொடர்பாளரோடு ஹெல்மெட்டும் சேர்த்து அனுப்பும்.