சூரைச்செடிக்குக் கீழே ஒரு பாஸ்டர்

வாரும் பாஸ்டரே, திண்ணையில இரும். டீ சொல்லியிருக்கேன். முகம் ஏன் மழையில நனைஞ்ச சுக்கு மாதிரி இருக்கு? ஓஹோ, ராஜினாமா கடிதமா! போன மாசம் காட்டினதுதானே? தேதியை மட்டும் மாத்தியிருப்பீர்.

ஊழியம் செத்துப்போச்சுங்கீர். ஞாயித்துக்கிழமை ஆளைவிட பெஞ்சுதான் அதிகம்ங்கீர். ஜெபிச்சா வானம் வெண்கலமா கெடக்குங்கீர். சரிதான். ஆனா இதை யாருகிட்ட வந்து சொல்லுதீர்? இந்த மட்டாஞ்சேரி யூதத் தெருவுல காலமெல்லாம் மிளகு மூட்டை எண்ணினவன்கிட்ட. எண்ணுறது என் பொழைப்பு ஓய். உம்மைக் கூப்பிட்டவர் ஆடு மேய்க்கல்லா கூப்பிட்டாரு, தலை எண்ணவா?

தெருக்கோடியைப் பாரும். அந்த மணிக்கூண்டு 1760-ல எசக்கியேல் ரகபி கட்டினது. பக்கத்துல இருக்கிற பரதேசி யூதப்பள்ளி இன்னும் பழசு, 1568. 1662-ல போர்ச்சுக்கீசியன் அதைச் சூறையாடினான்; டச்சுக்காரன் வந்த பிறகுதான் திரும்ப நிமிர்ந்துச்சு. அங்க முழு ஆராதனை நடக்கணும்னா பத்து ஆம்பிளை கூடணும். 1948-க்குப் பிறகு குடும்பம் குடும்பமா இஸ்ரேலுக்குக் கிளம்பிட்டாங்க, பத்துப் பேர் தேறாத காலமும் வந்துச்சு. ஆனாலும் இந்தத் தெருவுல பூத்தையல் கடை வெச்சிருந்த சாரா கோஹன் அம்மா 2019-ல, 96 வயசுல, கண்ணை மூடுற வரைக்கும் இங்கதான் இருந்தாங்க. அந்தம்மா ஆண்டவருக்கு ராஜினாமா எழுதினதா நான் கேள்விப்படலை. உமக்கு வாராவாரம் பத்துப் பன்னிரண்டு பேர் வாராங்களே ஓய்! யூதப்பள்ளியில அதைச் சொன்னா பொறாமைப்படுவாங்க.

எலியாவை எடுத்துக்கிடும். கர்மேல் மலையில தீயை இறக்கினவன். ஒரு மகாராசி மிரட்டினதும் எடுத்தான் ஓட்டம். வனாந்தரத்துல சூரைச்செடிக்குக் கீழ உட்கார்ந்து, ‘என்னைக் கொண்டுபோயிரும்’னு அழுதான். ஆண்டவர் என்ன செஞ்சாரு? ‘உனக்கு விசுவாசம் பத்தாது’ன்னாரா? ஏழு நாள் எழுப்புதல் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிச்சாரா? தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணியும் தூதன் கையில குடுத்து அனுப்பினாரு. தின்னான், படுத்தான். மறுபடி எழுப்பி, ‘இன்னும் தின்னு, நடை தூரம்’னு சொல்ல வெச்சாரு. ரெண்டு வேளைச் சாப்பாடு, ஒரு நல்ல தூக்கம். ஓரேப் மலையில நடந்த பேச்சுவார்த்தை எல்லாம் அதுக்கப்புறம்தான். நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீர்? உபவாசமா? ஆண்டவர் கேட்டாரா, இல்ல வீட்டுல சண்டையா?

மலைக்குப் போயும் எலியா வாயி சும்மா இருந்துச்சா? ‘நான் ஒருத்தன்தான் மிச்சம்’னு ரெண்டு தரம் புலம்பினான். ஆண்டவர் கணக்குல பாகாலுக்கு முழங்கால் மடக்காதவங்க 7000 பேர். இவன் கணக்குல ஒண்ணு! குடோன்ல இவ்வளவு துண்டு விழுந்திருந்தா கணக்குப்பிள்ளையை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பான் முதலாளி. ஆண்டவர் அனுப்பலை. எலிசான்னு ஒரு உழவுக்காரப் பையனைக் கூட்டாளியாச் சேர்த்துக்கச் சொன்னாரு. உமக்குக் கூட்டாளி யாரு? ஒருத்தரையும் பக்கத்துல சேர்க்காம, பாட்டு, பிரசங்கம், காணிக்கைக் கணக்கு எல்லாத்தையும் ஒத்தையில சுமக்கீர். பெறகு ஒத்தையில இருக்கேன்னு அழுவீர்.

இன்னும் கேளும். இந்த மட்டாஞ்சேரியிலதான் கூனன் குரிசு, அதான் அந்தச் சாஞ்ச சிலுவை, இருக்கு. 1652-ல அஹத்தல்லான்னு ஒரு மேற்றிராணியார் மைலாப்பூர்ல வந்து இறங்கினாரு. இங்கத்த பழைய கிறிஸ்தவங்களான நஸ்ராணிகளுக்கு ‘நம்ம மேய்ப்பன் வந்தாச்சு’ன்னு ஒரே சந்தோஷம். போர்ச்சுக்கீசியன் அவரைப் பிடிச்சுக் கப்பல்ல ஏத்திட்டான். கொச்சிக்குக் கப்பல் வந்தும் சனத்தைப் பார்க்க விடலை. கடல்ல முக்கிக் கொன்னுட்டான்னு பேச்சு கிளம்பிச்சு. 1653 ஜனவரி 3-ல சனம் இங்க திரண்டு, குரிசைத் தொட்டு, போர்ச்சுக்கீசியனோட ஏசுசபைப் பாதிரிமாருக்கு இனி அடங்க மாட்டோம்னு சத்தியம் பண்ணுச்சு. எல்லாருக்கும் குரிசு கைக்கு எட்டலையாம்; அதுல கயிறு கட்டி, அந்தக் கயித்தைப் பிடிச்சாங்களாம். இழுத்த இழுப்புல குரிசே சாஞ்சுதுன்னு சொல்லுவாங்க. நடந்துச்சோ இல்லையோ, எனக்குப் பிடிச்ச கதை. கயிறு பிடிச்சவன்ல முக்காவாசிப் பேருக்குக் குரிசு தெரிஞ்சிருக்காது. முன்னால நின்னவன் முதுகுதான் தெரிஞ்சிருக்கும். அதுக்காகக் கயித்தை விட்டானா?

அந்த மே மாசமே ஆலங்காட்டுல 12 கத்தனார்மார், அதாவது நஸ்ராணிப் பாதிரிமார், தங்க தலைவர் தோமா அர்க்கதியாக்கோன் தலையில கை வெச்சு அவரை மேற்றிராணியார் ஆக்கினாங்க. செல்லாதுன்னு ஒரு கூட்டம் சொல்லுச்சு. கூட நின்னவங்க நெறைய பேர் ரோமாபுரிப் பக்கம் திரும்பிட்டாங்க. மிச்சம் நின்னவங்களுக்குத் துணையா மேற்காசியாவுல இருந்து மார் கிரிகோரியோஸ்ங்கிற மேற்றிராணியார் வந்து சேர்ந்தது 1665-ல. பன்னிரண்டு வருஷம் ஓய்! உமக்கு ஒரு மழைக்காலம் தாங்கலை.

ஒரு விஷயம் மட்டும் விளையாட்டு இல்ல. தூக்கம் சுத்தமா போயி, செத்துரலாம்னு நெனப்பு வந்தா மறைக்காதீர். பிசாசு, சோதனைன்னு பேரு வெச்சு மூடிவைக்காதீர். டாக்டர்கிட்ட போவோம், நானும் கூட வாரேன். எலியாவுக்கே தூதன் ரெண்டு தரம் வரவேண்டியிருந்துச்சு.

டீயைக் குடியும், ஆறுது. குடிச்சிட்டு அந்தப் பின்வீட்டுச் சேட்டத்தியை ஒரு நடை பார்த்துட்டு வாரும். முட்டிவலி, ஆராதனைக்கு வரமுடியாம கெடக்கா. ரெண்டு வாரமா ‘பாஸ்டர் வரலையே’ன்னு கேக்கா. சின்னதா ஒரு ஜெபம் போதும், பிரசங்கத்தை ஆரம்பிச்சிராதீர். இன்னைக்குக் கள்ளப்பம் சுட்டிருக்கா. நீர் வயிறாரத் தின்னும்; எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வாரும்.